கல்லைப் பார்த்து வாங்குங்கள்: பழைய பூல் டேபிளை வீட்டுக்குக் கொண்டுவரும் முறை

பழைய டேபிள் பார்க்கப் போகிறவர்களின் கண் முதலில் துணிமேல்தான் விழுகிறது. பச்சையோ நீலமோ பளிச்சென்று இருந்தால் ஆசை வந்துவிடும். கிழிந்து வெளுத்திருந்தால் மனம் விலகிவிடும். இரண்டும் தவறு. துணியை மாற்றலாம். குஷன் ரப்பரை மாற்றலாம். பாக்கெட் வலை, கால், பாலிஷ் எல்லாவற்றையும் மாற்றலாம். எளிதில் மாற்ற முடியாதது துணிக்கு அடியில் இருக்கும் கல் ஒன்றுதான். அது தட்டையாக, உடையாமல், முழு செட்டாக இருந்தால் கிழிந்த டேபிளும் நல்ல டேபிள். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கல்லைச் சுற்றித்தான் போகிறது: அதை எப்படிப் பார்ப்பது, எப்படித் தூக்குவது, உங்கள் வீட்டுத் தரையில் எப்படி மட்டம் பிடிப்பது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிய ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பில். அந்தப் பெருமையில் யாராவது பழைய 12 அடி ஸ்னூக்கர் டேபிளை மலிவாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐந்து பெரிய கற்கள், மொத்த எடை ஒரு டன்னைத் தாண்டும். அது தொழில் தெரிந்த ஃபிட்டரின் வேலை. இங்கே நாம் பேசுவது 7, 8, 9 அடி பூல் டேபிள்களைப் பற்றி மட்டுமே.

முதலில் அறையை அளங்கள்

டேபிளைப் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் அறையை அளக்க வேண்டும். டேபிளைச் சுற்றி நடக்க இடம் இருந்தால் போதாது. சுவரோரத்தில் நின்று க்யூ கோலைப் பின்னால் இழுக்கவும் இடம் வேண்டும். சாதாரண க்யூ 57, 58 அங்குல நீளம். கணக்கு எளிது: குஷன் மூக்கிலிருந்து, அதாவது பந்து படும் விளிம்பிலிருந்து, எதிர்க் குஷன் மூக்குவரை உள்ள ஆடுபரப்பை எடுத்து, இரண்டு பக்கமும் 58 அங்குலம் கூட்டுங்கள்.

7 அடி டேபிளின் ஆடுபரப்பு 78-க்கு 39 அங்குலம். அறை குறைந்தது 16 அடி 2 அங்குலத்துக்கு 12 அடி 11 அங்குலம் வேண்டும். 8 அடி டேபிளுக்கு ஆடுபரப்பு 88-க்கு 44. அறை 17 அடிக்கு 13 அடி 4 அங்குலம். 9 அடி என்றால் 100-க்கு 50; அறை 18 அடிக்கு 13 அடி 10 அங்குலம். இது கை சுவரில் உரசாத குறைந்தபட்ச அளவு. இன்னும் அரை அடி கிடைத்தால் ஆட்டம் சுகமாக இருக்கும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தூண், அலமாரி, ஜன்னல் கட்டை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு மூலை மட்டும் இடிக்கிறதென்றால் 48 அங்குலக் குட்டை க்யூ ஒன்று வைத்துச் சமாளிக்கலாம். நான்கு பக்கமும் இடித்தால் டேபிள் அளவைக் குறையுங்கள்.

மேலேயும் பாருங்கள். டேபிளுக்கு நேர்மேலே சீலிங் ஃபேன் ஓடினால், க்யூவை நிமிர்த்தும்போது இறக்கையில் படும். அதைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டுங்கள். ஃபேனுக்கு மேலே விளக்கு இருந்தால் துணிமேல் நிழல் வெட்டிக்கொண்டே இருக்கும். பந்தின் ஓரத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது.

தரை தாங்குமா?

8 அடி கல் டேபிள் மொத்தத்தில் 350 முதல் 450 கிலோ வரை வரும். நன்றாகக் கட்டிய கான்கிரீட் தளத்துக்கு இது பொதுவாகச் சிக்கல் இல்லை. மரக்கட்டைமேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடி என்றாலோ, தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தாலோ, கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் டேபிளை மேலே ஏற்றாதீர்கள்.

டைல்ஸ் தரையில் கால் வரும் இடங்களை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் கேட்டால் அந்த டைல்ஸ் கால் பாரத்தில் விரியும். காலுக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரும்புத் தகடோ கெட்டியான பிளைவுட் துண்டோ வையுங்கள்.

மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு, அதன்கீழ் டேபிள் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஐப்பசி மழைச் சாரலில் துணியும் மரமும் ஒரே பருவத்தில் வீணாகிவிடும்.

வாங்கப் போகும்போது

மூடும் பூல் பார்லர்கள், காலி செய்யப்படும் அலுவலக ஓய்வறைகள், சாமான்களை மாற்றும் ரிசார்ட்டுகள், பிள்ளைகள் வெளிநாடு போன வீடுகள். பழைய டேபிள் வருவது பெரும்பாலும் இந்த நான்கு வழிகளில்தான். என் அனுபவத்தில் வீட்டு டேபிளின் மரம் நன்றாக இருக்கும், பார்லர் டேபிளின் கல் நன்றாக இருக்கும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: டார்ச், அளவு டேப், 6 அடி நேரான அலுமினியச் சட்டம், ரசமட்டம், சோதனைக்கு ஒரு நல்ல பந்து.

1. கீழே குனிந்து பாருங்கள். டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், பாக்கெட் ஓட்டை வழியாகக் கல்லின் ஓரத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாக, கை வைத்தால் ஜில்லென்று இருந்தால் ஸ்லேட். வெளுப்பாக, கோடுகள் ஓடினால் மார்பிள். பழுப்பாக, அட்டைபோல் இருந்தால் எம்.டி.எஃப். பலகை. ஒரு மூலையை இரண்டு பேர் லேசாகத் தூக்கிப் பார்த்தாலே எம்.டி.எஃப். டேபிளின் எடை காட்டிக்கொடுத்துவிடும். நம் கடலோர ஈரக்காற்றில் அந்தப் பலகை வளையும். வளைந்ததை நிமிர்த்த வழியில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

2. கல்லின் கனம், துண்டுகள். நல்ல வீட்டு டேபிளில் முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை கனம் இருக்கும், பெரும்பாலும் மூன்று துண்டுகள். இத்தாலியின் லிகூரியா, பிரேசில், சீனா ஆகிய இடங்களிலிருந்து ஸ்லேட் வருகிறது. நம் நாட்டுத் தயாரிப்புகளில் இந்திய மார்பிளும் புழங்குகிறது. எனக்கு ஸ்லேட்தான் முதல் தேர்வு. மார்பிள் தட்டையாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அதன் கோடுகளில் விரிசல் ஒளிந்திருக்கும், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கோடாகப் பாருங்கள்.

3. மெதுவாகப் பந்தை உருட்டுங்கள். வேகமாக உருட்டினால் எல்லா டேபிளும் நல்ல டேபிள்தான். எதிர்க் குஷனைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் அளவுக்கு மெதுவாக, நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை உருட்டுங்கள். எல்லா இடத்திலும் பந்து ஒரே பக்கம் விலகினால் டேபிள் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்; மட்டம் பிடித்தால் சரியாகும். ஓர் இடத்தில் இடப்பக்கம், இன்னோர் இடத்தில் வலப்பக்கம் என்று திரும்பினால் கற்களின் இணைப்பு இறங்கியிருக்கலாம், அல்லது கல்லே வளைந்திருக்கலாம். எது என்று அலுமினியச் சட்டம் சொல்லும். ஒரே கல்லின்மேல் சட்டத்தை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? அப்படியானால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

4. குஷன். கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போய் உடனே திரும்ப வேண்டும். கட்டைபோல் இறுகியிருந்தாலோ விரலில் கறுப்புத் தூள் ஒட்டினாலோ ரப்பர் செத்துவிட்டது. ஒரு முனையிலிருந்து பந்தை ஓங்கி அடித்தால் குறைந்தது மூன்று நீளமாவது அது போய்வர வேண்டும். குஷன் செத்தது டேபிளை நிராகரிக்கக் காரணம் அல்ல, விலையைக் குறைக்கக் காரணம்.

5. மரம். கால்களின் அடிப்பாகம், சட்டத்தின் உள்மூலை, கல்லுக்கடியில் உள்ள குறுக்குக் கட்டைகள் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கரையான். தரையில் மாவுபோல் தூள் கொட்டிக்கிடந்து, மரத்தில் குண்டூசித் துளைகள் இருந்தால் மரம் உளுக்கத் தொடங்கிவிட்டது. இந்த இரண்டில் எதையும் மருந்து அடிக்காமல் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. உங்கள் கதவு நிலையும் சேர்ந்து போகும்.

6. என்ன வகை டேபிள்? அமெரிக்க பூலுக்குப் பந்து 57 மில்லிமீட்டர், குஷன் முனைகள் பாக்கெட்டருகே நேராக வெட்டியிருக்கும். ஆங்கிலேய வகையில் பந்து சிறியது, முனைகள் வளைந்திருக்கும், பாக்கெட்டும் குறுகல். இரண்டுக்கும் ரப்பர் வேறு. தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு ரப்பருக்கும் பந்துக்கும் அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

> விலை பேசும்போது: டேபிள் விலையை மட்டும் பார்க்காதீர்கள். கழற்றும் கூலி, வண்டி, ஏற்றி இறக்கும் கூலி, புதுத் துணி, தேவைப்பட்டால் ரப்பர், பொருத்தும் கூலி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிய பிறகு வாய் திறங்கள். இந்தச் செலவு சில நேரம் டேபிள் விலையையே தாண்டும். விற்கிறவருக்கு இடம் காலியாக வேண்டும் என்பதுதான் உங்கள் பலம்.

கழற்றுவது

முழு டேபிளை அப்படியே நகர்த்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து தூக்கினால் கால் முறியும், சட்டம் முறுக்கிக்கொள்ளும், கல் விரியும். கழற்றித்தான் ஆகவேண்டும். நிதானமாகச் செய்தால் இரண்டு பேருக்கு மூன்று மணி நேர வேலை.

1. கை வைக்கும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். பாக்கெட் எப்படி மாட்டியிருக்கிறது, போல்ட் எங்கே வருகிறது என்பதைக் கிட்டத்தில் எடுங்கள்.
2. பாக்கெட்டுகளைக் கழற்றுங்கள். அடியிலிருந்து திருகாணியோ ஆணியோ பிடித்திருக்கும். பழைய தோல் பாக்கெட் என்றால் இழுக்காதீர்கள், ஆணியை மட்டும் நெம்புங்கள்.
3. குஷன் கட்டைகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை அடியிலிருந்து சாக்கெட் ஸ்பேனரால் கழற்றுங்கள். கட்டைக்கு மூன்று வீதம் 18 இருப்பது வழக்கம். ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் எண் எழுதி, அதன் போல்ட்டுகளை அதே எண் போட்ட பையில் போடுங்கள்.
4. துணியைக் கழற்றும்போது மாஸ்க் போடுங்கள். பல வருட சாக் தூளும் பசைத் தூளும் பறக்கும். பின்களைத் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக எடுங்கள். பிடித்து இழுத்தால் கல்லோரத்தில் ஒட்டிய மரப்பட்டி பெயர்ந்து வரும்.
5. கல்லின் மேல் 1, 2, 3 என்று பென்சிலால் எழுதி, எந்தப் பக்கம் எதைத் தொட்டிருந்தது என்று அம்புக்குறி போடுங்கள். இது மிக முக்கியம். மூன்று கற்களும் ஒன்றாக வைத்துத் தேய்த்துக் கனம் சமன் செய்யப்பட்டவை. இடம் மாறினால் இணைப்பு ஒட்டவே ஒட்டாது.
6. இணைப்பில் உள்ள மெழுகையோ பட்டியையோ பிளேடால் கீறி எடுங்கள். பிறகு கல்லின் திருகாணிகளைத் தேடுங்கள். அவற்றின் தலைமேலும் மெழுகு மூடியிருக்கும். ஒன்றை விட்டுவிட்டு நெம்பினால் அந்த இடத்திலேயே கல் உடையும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோமா என்று இரண்டு முறை எண்ணுங்கள்.

கல்லைத் தூக்குவது, ஏற்றுவது

8 அடி டேபிளின் ஒரு கல் 55 முதல் 90 கிலோ வரை இருக்கும். எடையைவிட ஆபத்தானது அதன் குணம். கண்ணாடியைப்போல அது விளிம்பில் நிற்கும்போது பலசாலி, படுத்திருக்கும்போது பலவீனம். இரண்டு முனையில் மட்டும் தாங்கல் கொடுத்துப் படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் பிளந்துவிடும்.

என் முதல் டேபிளின் நடுக்கல் இப்படித்தான் போயிற்று. சாக்கு விரித்து மூன்று கல்லையும் வண்டியில் படுக்கப் போட்டிருந்தார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தவறென்று தெரியவில்லை. ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. வீட்டில் இறக்கும்போது கல் இரண்டு துண்டு. அதே கனத்தில் இன்னொரு கல் தேட எனக்கு ஏழு மாதம் ஆனது, கிடைத்ததும் பொருந்தவில்லை. மூன்று கல்லையும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

1. ஷூ போடாமல் யாரும் கல்லைத் தொடக் கூடாது, செருப்பு வேண்டவே வேண்டாம். கையுறை கட்டாயம். குழந்தைகள் அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது.
2. கல்லைச் சட்டத்தின் மேலிருந்தே நீள விளிம்பில் நிமிர்த்துங்கள். சமதரையில் இரண்டு பேர், படிக்கட்டில் நான்கு பேர்: கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழே நிற்பவர்களே பாரத்தைத் தாங்குகிறார்கள். அனுபவமுள்ள லோடுமேன்களை அங்கே நிறுத்துங்கள்.
3. கீழே வைக்கும்போது வெறும் சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள். இரண்டு மரக்கட்டைமேல், விளிம்பில், லேசாகச் சாய்த்து வையுங்கள். மூலை முதலில் தரையில் பட்டால் மூலை போய்விடும்.
4. "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்ல ஒரே ஒருவர் இருக்கட்டும். எல்லோரும் சொன்னால் விரல் நசுங்கும்.
5. வண்டியில் கற்கள் பயணத் திசையில் விளிம்பில் நிற்க வேண்டும், நடுவில் பழைய மெத்தையோ போர்வையோ கொடுத்து, பக்கவாட்டுக் கம்பியோடு சேர்த்துப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள்.

குட்டி யானை எனப்படும் சிறு வண்டி இந்த எடையைத் தாங்கும். ஆனால் அதன் தட்டு நீளம் 7 அடி சொச்சம்தான். சட்டம் கழற்ற வராத 8 அடி டேபிள் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியென்றால் பெரிய பிக்கப் வண்டி பேசுங்கள்.

> அடுக்குமாடிக்காரர்களுக்கு: ஆறு பேர் லிஃப்ட் என்றால் 408 கிலோ. மூன்று கல் 225 கிலோ, கூட மூன்று ஆள் என்றால் கணக்கு மீறிவிடும். ஒரு தடவைக்கு ஒரு கல், கூட ஒரே ஆள். கல் லிஃப்ட் உயரத்தில் நிமிர்ந்து நிற்குமா என்று முன்னாலேயே அளந்துகொள்ளுங்கள். சங்கத்திடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

மர வேலை

டேபிளைக் கூட்டும் முன் மர வேலையை முடித்துவிடுங்கள். கூட்டிய பிறகு உப்புத்தாள் தூள் துணியில் இறங்கும். என்ன பாலிஷ் என்று அறிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று கரைந்தால் அது அரக்குப் பிரெஞ்சு பாலிஷ். மேலேயே இன்னொரு பூச்சு கொடுத்தால் போதும். கரையவில்லையென்றால் 120, 180, 220 என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சீலரும் பி.யூ. பூச்சும் கொடுக்கலாம். குஷன் கட்டையின் மேல்பக்கத்தில் ஆட்டக்காரர்களின் கை ஈரமும் தண்ணீர் டம்ளரும் படும், அங்கே பி.யூ. தாங்கும், அரக்கு வெள்ளை பூக்கும். தேக்கோ ஈட்டியோ கிடைத்திருந்தால் கறுப்புச் சாயம் அடிக்காதீர்கள். அந்த ரேகையைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

மட்டம் பிடிப்பது

இந்த ஒரு வேலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். போட்டி டேபிளுக்கு உலக பூல் அமைப்பு வைத்திருக்கும் அளவு, நீளவாக்கில் அரை மில்லிமீட்டர், அகலவாக்கில் கால் மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது என்பது. கொத்தனாரின் ரசமட்டத்துக்கு இவ்வளவு நுணுக்கம் எட்டாது. மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் குமிழி நடுவில் நிற்பதுபோலவே தெரியும். லேத் பட்டறைகளில் எந்திரங்களை மட்டம் பிடிக்க மாஸ்டர் லெவல் வைத்திருப்பார்கள், மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர்வரை காட்டும். கோவையிலோ அம்பத்தூரிலோ தெரிந்த பட்டறை இருந்தால் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நல்ல ரசமட்டமும் உருளும் பந்தும் சேர்ந்து ஓரளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

1. முதலில் சட்டம். கல்லை ஏற்றும் முன் மரச்சட்டத்தைச் சாதாரண ரசமட்டத்தால் நான்கு பக்கமும் பாருங்கள். காலில் திருகு இருந்தால் திருகுங்கள்; இல்லையென்றால் காலுக்கடியில் தகடு பேக்கிங் கொடுங்கள். மடித்த காகிதம், அட்டை கூடவே கூடாது. பாரத்தில் அமுங்கும், மழைக்காலத்தில் ஊறும்.

2. நடுக்கல். அதைச் சட்டத்தின் நடுவில் இறக்கி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மட்டம் பிடியுங்கள். பேக்கிங் கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் போகட்டும். சீட்டுக்கட்டு சீட்டு இதற்கு அருமையான பொருள்: ஒரு சீட்டு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், எல்லாம் ஒரே கனம், பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் லேசில் ஊறாது. அதிகம் தூக்க வேண்டுமானால் மெல்லிய மர ஆப்பு.

3. ஓரக் கற்கள். அம்புக்குறி பார்த்து, நூல் நுழையும் இடைவெளி விட்டுப் பக்கத்தில் சேருங்கள். இணைப்பின் குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்கள். இடறக் கூடாது. இடறினால் தாழ்ந்த கல்லின் அடியில், இணைப்புக்குப் பக்கத்திலேயே பேக்கிங் கொடுத்துத் தூக்குங்கள். நகம் சொல்வதை நம்புங்கள். அது மிக நுணுக்கமான கருவி.

4. மூலைவிட்டம். கற்கள் சேர்ந்த பரப்பின் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து சமமாக்குங்கள். இது கோணினால் பிறகு குஷன் நேராக உட்காராது.

5. திருகாணி. எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டுவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மட்டம் மாறியிருக்கும். திரும்பப் பார்த்துச் சரிசெய்யுங்கள். கல்லை அசையாமல் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். பலத்தைக் காட்டினால் கல் விரியும், அல்லது வளையும்.

6. இணைப்பை மூடுவது. தேன்மெழுகுதான் வேண்டும். மெழுகுவத்தி மெழுகு வேண்டாம். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் நம் கோடையைத் தாங்கும். இணைப்பை ஹீட் கன்னால் லேசாகச் சூடாக்கி, உருகிய மெழுகை ஊற்றி, திருகாணிக் குழிகளையும் நிரப்புங்கள். அரை மணி நேரம் ஆறவிட்டு, கூர்மையான பட்டித் தகட்டைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். கார் பட்டியும் நன்றாக நிற்கும். ஆனால் அடுத்த தடவை வீடு மாறும்போது அதைப் பிரிப்பது பெரும்பாடு. வாடகை வீட்டுக்காரர்களுக்கு மெழுகே போதும்.

7. வெறும் கல்லில் பந்து உருட்டுங்கள். துணி போடும் முன் இதுதான் கடைசி வாய்ப்பு.

> பாதுகாப்பு: மெழுகை நேரடியாக நெருப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். கொதிக்கும் தண்ணீருக்குள் ஒரு டப்பாவை வைத்து உருக்குங்கள். பசை டின், தின்னர், பழைய துணி எதுவும் ஹீட் கன் இருக்கும் அறையில் இருக்கக் கூடாது.

குஷன் ரப்பர்

ரப்பர் செத்திருந்தால் மட்டும் இந்த வேலை. வாங்கும்போது பழைய ரப்பரில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு கொண்டுபோங்கள். கே-66, கே-55 என்று பல உருவங்கள் உண்டு, உருவம் மாறினால் மூக்கின் உயரம் மாறிவிடும். அந்த உயரம்தான் குஷனின் உயிர்: 57 மில்லிமீட்டர் பந்துக்குக் கல்லிலிருந்து மூக்குவரை ஏறக்குறைய 36 மில்லிமீட்டர். அதிகமானால் பந்து அமுங்கி நிற்கும், குறைந்தால் பந்து துள்ளும்.

பழைய ரப்பரை உரித்து, மரத்தில் பசை ஒரு துளி இல்லாமல் தேய்த்து, மரத்திலும் ரப்பரிலும் ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரியான ரப்பர் பசையைத் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்ததும் ஒட்டுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். எல்லோரும் செய்யும் தவறு, ரப்பரை இழுத்து ஒட்டுவது. இழுத்த ரப்பர் சில மாதத்தில் சுருங்கிப் பாக்கெட் பக்கம் பிய்த்துக்கொள்ளும். முனைக் கோணத்தைப் பழையதிலிருந்து காகிதத்தில் நகலெடுத்து, அதன்படி வெட்டுங்கள்.

துணி

ஈரமோ தூசியோ இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பூல் டேபிளுக்கு முறுக்கு நூலில் நெய்த, ரோமம் இல்லாத கம்பளித் துணி நல்லது. ஸ்னூக்கர் துணிபோல ரோமம் உள்ளதை எடுத்தால், ரோமம் படியும் திசை பார்த்துப் போட வேண்டும், பிறகும் அதே திசையில்தான் தேய்க்க வேண்டும்.

1. கல்லைச் சுத்தமாகத் துடையுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் துணிமேல் முண்டு தெரியும்.
2. நேரான பக்கம் மேலே வரும்படி விரித்து, எல்லாப் பக்கமும் சமமாகத் தொங்கவிடுங்கள். அளந்து பார்க்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.
3. ஒரு குறுக்குப் பக்கத்தை முதலில் பின் அடித்து முடியுங்கள், நடுவிலிருந்து மூலைக்கு. கல்லோரத்தில் மரப்பட்டி இல்லாத டேபிளானால் பின்னுக்குப் பதில் ஓரத்தில் பசை.
4. எதிர்ப்பக்கம் போய் இருவராக நன்றாக இழுத்து அடியுங்கள். பிறகு நீளப் பக்கங்கள். கையால் தள்ளினால் துணி அலையாக எழக் கூடாது. அவ்வளவு இழுப்பு வேண்டும். தளர்ந்த துணியில் பந்து நின்று நின்று போகும்.
5. பாக்கெட்டுகளில் விரல் நீளத்துக்குச் சிறு சிறு வெட்டுகள் போட்டு, ஒவ்வொரு நாக்காக உள்ளே இழுத்து அடியுங்கள். வெட்டு கல்லின் விளிம்பைத் தாண்டி மேலே வந்துவிட்டால் மறைக்க முடியாது. குறைவாக வெட்டிப் பழகுங்கள்.
6. குஷன் துணிக்கு, கட்டையின் காடியில் துணியை வைத்து மெல்லிய மரப்பட்டியை மரச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டும். ஒரே சீரான இழுப்புதான் முக்கியம். ஒரு இடத்தில் அதிகம் இழுத்தால் ரப்பர் மூக்கு அங்கே உள்வாங்கிவிடும். முதல் கட்டையைப் பிரித்து இரண்டாம் முறை செய்ய நேர்ந்தால் வருத்தப்படாதீர்கள்.
7. குஷன் கட்டைகளைக் கல்லில் வைத்து எல்லாப் போல்ட்டையும் பாதி இறுக்குங்கள். ஒரே வரிசையில் உள்ள இரண்டு கட்டைகளின் மூக்கில் நூல் பிடித்து நேர் பாருங்கள். பிறகே முழுக்க இறுக்குங்கள். தளர்ந்த போல்ட் உள்ள இடத்தில் பந்து பட்டால் "டொக்" என்று மரச்சத்தம் கேட்கும்; காதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஆட ஆரம்பித்த பிறகு

கேரம் ஆடிப் பழகிய வீடுகளில் பிள்ளைகள் போரிக் பவுடரைக் கொண்டுவந்து தூவிவிடுவார்கள். கைக்கு முகப் பவுடர் போடும் பெரியவர்களும் உண்டு. இரண்டும் துணியின் இழைக்குள் இறங்கிப் பந்தை இழுக்கும், வெளியே எடுக்கவும் வராது. முதல் நாளே சொல்லிவையுங்கள். கை வழுக்கவில்லையென்றால் துணிக் கையுறை போட்டு ஆடட்டும்.

சாக் தூளை மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளி எடுங்கள், ஈரத்துணி வேண்டாம். மூடிவைக்கப் பருத்தி விரிப்பு போதும். பிளாஸ்டிக் உறை போட்டால் கார்த்திகை மாதத்தில் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஓரத்தில் யாரையும் உட்காரவிடாதீர்கள்; நீங்கள் ஒரு நாள் முழுக்கச் சீட்டு சீட்டாகப் பிடித்த மட்டம் அந்த ஒரு கணத்தில் நகர்ந்துவிடும்.

புதிதாகக் கூட்டிய டேபிள் தன் பாரத்தில் தானே சற்று உட்காரும். முதல் மாதம் முடிந்ததும் சாக்கெட் ஸ்பேனரோடு கீழே போய் 18 போல்ட்டையும் ஒரு சுற்று பாருங்கள், மெதுவான பந்தை மறுபடி உருட்டுங்கள். விலகினால் காலில் தகடு போட்டே சரிசெய்துவிடலாம், துணியைத் தொட வேண்டியதில்லை. அதன்பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்கு மழை முடிந்து மரம் காய்ந்த தை மாதத்தில், இதே இரண்டு சோதனைகளையும் செய்யுங்கள்.